மூன்று பேர், இரண்டு இருக்கை: ரைடில் முன்பின் தெரியாதவரோடு உட்காருவதா, அடுத்த சுற்றுக்குக் காத்திருப்பதா?

கோடை விடுமுறை நெருங்கும்போதெல்லாம் எங்கள் அடுக்ககத்து லிஃப்டிலும் மொட்டை மாடியிலும் ஒரே கேள்வி சுற்றிவரும். "நாங்கள் மூன்று பேர் போகிறோம். ரோலர் கோஸ்டரில் வரிசைக்கு இரண்டு இருக்கைதான். நான் மகளோடு உட்கார்ந்தால் மனைவி யாரோ ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கிறது. ஏறிவிடுவதா, ஒதுங்கி நின்று அடுத்த சுற்றில் போவதா?" கேட்பவர் மாறுவார், மூன்று ஐந்தாகும், மனைவியின் இடத்தில் மாமியார் வருவார். ஒற்றைப்படைக் குடும்பமும் இரட்டைப்படை இருக்கையும் மோதிக்கொள்ளும் சிக்கல் மட்டும் அப்படியே இருக்கும்.

ஷேர் ஆட்டோவில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு போய்வரும் சென்னைவாசிக்கு இதெல்லாம் ஒரு பிரச்சினையா என்று தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஷேர் ஆட்டோவில் பக்கத்து ஆள் சரியில்லையென்றால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொள்ளலாம். பேருந்தில் நகர்ந்து நின்றுகொள்ளலாம். ரைடில் கம்பி பூட்டிய பிறகு ஆபரேட்டர் விடுவிக்கும்வரை அந்த இடம்தான், அந்த ஆள்தான். ஆகவே முடிவை வரிசையில் சேருவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். எடுப்பதற்கு நான்கு வழிகள் உள்ளன: சேர்ந்தே உட்காருவோம் என்று காத்திருப்பது, காலி இருக்கையைப் பகிர்ந்துகொள்வது, தனியாள் வரிசையில் போவது, கூடுதல் பணம் கொடுத்து விரைவு நுழைவுச் சீட்டு வாங்குவது.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

பக்கத்தில் உட்காரப்போகிறவர் யார், பார்த்தால் எப்படி இருக்கிறார் என்பதைத்தான் பெரும்பாலோர் முதலில் கவனிக்கிறார்கள். நான் அதைக் கடைசியில் வைப்பேன். முதலில் பார்க்க வேண்டியது இருக்கையின் அமைப்பு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே குழிந்த இருக்கையும் தனித்தனிப் பூட்டும் உண்டா, அல்லது பெஞ்சுபோல ஒரே பலகையும் அனைவருக்கும் பொதுவான ஒரே கம்பியும்தானா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தால் பாதி முடிவு ஆகிவிடும்.

அடுத்தது, உங்கள் குழுவில் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்பது. தனியே உட்காரக்கூடிய பெரியவர் எத்தனை பேர், துணை வேண்டிய பிள்ளைகள் எத்தனை பேர் என்று வாசலிலேயே எண்ணிக்கொள்ள வேண்டும். மூன்றாவது நேரம். நான்காவது பணம். சேர்ந்து கத்துவதில் உள்ள மகிழ்ச்சி ஐந்தாவது. அதைக் கடைசியில் எழுதியிருந்தாலும், சிலருக்கு அதற்காகத்தான் டிக்கெட்டே வாங்குகிறோம் என்பதை நான் மறுக்கவில்லை.

## கம்பியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக

பொதுக் கம்பி எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது. இருவர் மடிக்கும் சேர்த்து ஒரே கம்பி இறங்கும்போது, அது இருவரில் பருமனானவரின் தொடையிலோ வயிற்றிலோ முட்டிய இடத்தில் நின்றுவிடும். ஒல்லியானவருக்கும் கம்பிக்கும் நடுவே மீதமாகும் இடைவெளியை அந்தக் கம்பியால் எதுவும் செய்ய முடியாது. ஒத்த உடல்வாகு உள்ள இருவர் உட்கார்ந்தால் கம்பி இருவருக்கும் பொருந்தும். பெரியவரும் சிறுவரும் உட்கார்ந்தால் பெரியவருக்கு மட்டுமே பொருந்தும்.

சில ஆண்டுகளுக்கு முன் நகருக்கு வெளியே ஒரு பூங்காவுக்குப் போயிருந்தோம். என் மகள் அப்போதுதான் ரைடில் ஏற அனுமதிக்கும் உயரக் கோட்டைத் தொட்டிருந்தாள், குதிகாலைக் கொஞ்சம் தூக்கினாளோ என்ற சந்தேகம் எனக்கு இன்றும் உண்டு. கூட்ட நேரம். எங்களை எண்ணிக்கூடப் பார்க்காமல் பணியாளர் என்னையும் மனைவியையும் ஒரு பெட்டியிலும், அவளை முன்பெட்டியில் ஆஜானுபாகுவான ஒருவர் பக்கத்திலும் உட்கார வைத்தார். கம்பி அந்த மனிதரின் வயிற்றில் போய் நின்றது. பின்னாலிருந்து எட்டிப் பார்த்தால், மகளின் மடிக்கும் கம்பிக்கும் நடுவே அவள் தன் தண்ணீர்ப் பாட்டிலை நிற்க வைத்திருந்தாள். நான் கத்துவதற்குள் அந்த மனிதரே கையைத் தூக்கிவிட்டார். "சார், பாப்பாவ நீங்க கூப்பிட்டுக்கங்க. எனக்கே பயமா இருக்கு" என்றார். பூட்டைத் திறந்தார்கள், மகள் என் பக்கத்துக்கு வந்தாள், மனைவி இறங்கி வெளியே நின்றாள். பின்னால் காத்திருந்தவர்கள் எங்களைப் பார்த்த பார்வையை விவரிக்க வேண்டியதில்லை.

அந்த மனிதர் மேல் தவறு எதுவும் இல்லை, அவர் நல்லவர் என்பதைக் கம்பியைவிட வேகமாகவே காட்டினார். வாசலில் "மூன்று பேர், குழந்தை என்னோடு" என்று நான் முன்னதாகவே சொல்லாததுதான் கோளாறு.

இதற்கு நேர்மாறானவை தனி இருக்கை ரைடுகள். 2025 டிசம்பரில் திருப்போரூரை அடுத்த இள்ளலூரில் திறக்கப்பட்ட வொண்டர்லா பூங்காவின் தஞ்சோரா, தண்டவாளத்துக்குக் கீழே தொங்கிக்கொண்டு ஓடும் வகை ரோலர் கோஸ்டர். சுவிட்சர்லாந்தின் பொலிகர் அண்டு மாபில்லார்டு நிறுவனத் தயாரிப்பு. இந்த நிறுவனத்தின் தொங்கு வகை ரயில்களில் ஒரு வரிசைக்கு நான்கு பேர். ஒவ்வொருவருக்கும் தோள்வழி இறங்கும் தனிப் பூட்டு. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் பருமன் உங்கள் பூட்டை ஒரு அங்குலம்கூட மாற்றாது. கால் தரையில் இல்லாமல் தொங்கும்போது அவர் யார் என்பதே நினைவில் இருக்காது.

சுற்று ரைடுகளில் இன்னொரு விஷயம் இருக்கிறது. வட்டப் பாதையில் வேகமாகச் சுழலும் பெட்டியில் உடல் வெளிப்பக்கமாகத் தள்ளப்படும். உள்பக்கம் இருப்பவர் வெளிப்பக்கம் இருப்பவர் மேல் சரிவார், சரியாமல் இருக்கவே முடியாது. அதனால்தான் எடை கூடியவரை வெளிப்பக்கமும் எடை குறைந்தவரை உள்பக்கமும் உட்காரச் சொல்கிறார்கள். முன்பின் தெரியாதவரோடு இந்த ரைடில் ஏறினால் இரண்டு நிமிடமும் ஒருவர் மேல் ஒருவர் அழுந்திக்கொண்டிருக்க வேண்டியதுதான். பெண்கள் பலர் இதை மட்டும் தவிர்க்கிறார்கள், அதில் முழு நியாயம் இருக்கிறது.

## வழி 1: சேர்ந்தே உட்காருவோம் என்று காத்திருப்பது

பிள்ளைகளோடு வருபவர்களுக்குப் பொதுக் கம்பி ரைடுகளில் இதைத் தவிர வேறு யோசனையே வேண்டாம். ஒரு சுற்று என்பது பெரும்பாலும் சில நிமிடங்கள். அதற்காகப் பிள்ளையை வேறு பெட்டியில் ஏற்றத் தேவையில்லை.

மறைந்திருக்கும் செலவு என்னவென்றால், காத்திருப்பவர் நீங்கள் மட்டும் அல்ல. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இருவர் இருக்கை கொண்ட 24 பேர் ரயில் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 720 பேர் போகலாம். வருவோர் எல்லாரும் மூவர் மூவராக வந்து, மூன்றாமவர் பக்கத்தில் யாரையும் விடாமல் இருந்தால், நான்கில் ஓர் இருக்கை காலியாக ஓடும். மணிக்கு 540 பேர்தான். உங்களுக்கு முன் 300 பேர் நின்றால் முதல் கணக்கில் 25 நிமிடம், இரண்டாவதில் 33 நிமிடத்துக்கு மேல். ஒரு ரைடுக்கு எட்டு நிமிடம் என்றால் ஒரு நாளில் இரண்டு ரைடு கைவிட்டுப் போகும். காலி இருக்கையோடு ரயிலை அனுப்பக்கூடாது என்று பணியாளர்கள் ஏன் அத்தனை அவசரப்படுகிறார்கள் என்பதற்கும் இதுவே காரணம், அவர்களுக்கு நம்மீது தனிப்பட்ட கோபம் ஒன்றும் இல்லை.

முன்வரிசைதான் வேண்டும், கடைசிப் பெட்டிதான் வேண்டும் என்ற பிடிவாதம் இதோடு சேர்ந்தால் காத்திருப்பு இன்னும் நீளும். சேர்ந்து உட்காருவது, விரும்பிய வரிசை ஆகிய இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

## வழி 2: காலி இருக்கையைப் பகிர்ந்துகொள்வது

தனி இருக்கை ரைடுகளில் பெரியவர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் வழி இதுதான். வரிசை நகரும், ரயில் நிரம்பும், இழப்பு எதுவும் இல்லை. குழுவில் மூன்று பேர் என்றால் தனியாக உட்காரும் முறையை ரைடுக்கு ஒருவராக மாற்றிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் காலையில் காரில் போகும்போதே சீட்டுக் குலுக்கி முடித்துவிடுவோம். இல்லையென்றால் ஒவ்வொரு வாசலிலும் "நீ போ, நீ போ" என்ற பழைய தமிழ் விருந்தோம்பல் தொடங்கிவிடும்.

இரண்டு பிள்ளைகளோடு தனியாக வரும் தாய்க்கோ தந்தைக்கோதான் உண்மையான சங்கடம். இருவரும் துணையின்றி ஏறும் உயரத்தை எட்டியிருந்தால், இருவரையும் ஒன்றாக உட்கார வைத்து, நீங்கள் நேர் பின்னால் உள்ள பெட்டியில் தெரியாதவரோடு உட்காருவது நல்லது. பிள்ளைகள் இருவருக்கும் உடல்வாகு ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் என்பதால் பொதுக் கம்பியும் ஓரளவு சரியாகப் பொருந்தும். கண்ணும் அவர்கள் மேலேயே இருக்கும். ஒருவர் மட்டும் எட்டியிருந்தால், எட்டாதவரை அழைத்துக்கொண்டு அந்த ரைடை விட்டுவிடுவதே வழி. பெரியவனைத் தனியே தெரியாதவரோடு பொதுக் கம்பியில் அனுப்ப வேண்டாம்.

கொலம்பஸ் என்று நம் ஊரில் சொல்லும் ஊஞ்சல் கப்பல் தனி ரகம். அதில் ஒரு வரிசை முழுவதற்கும் சேர்த்து ஒரு கம்பி. நான்கைந்து பேரில் யாரோ இருவர் நிச்சயம் தெரியாதவராகத்தான் இருப்பார்கள். பகிர்வதா என்ற கேள்வியே அங்கு எழாது, எந்த ஓரத்தில் உட்காருவது என்பதுதான் கேள்வி. பிள்ளையைச் சுவர்ப்பக்கமும் உங்களை நடுப்பக்கமும் வைத்துக்கொண்டால் தெரியாதவருக்கும் பிள்ளைக்கும் நடுவே நீங்கள் இருப்பீர்கள். பிள்ளைக்குப் பயம் அதிகம் என்றால் கப்பலின் மைய வரிசைகளைக் கேளுங்கள். ஓரங்கள்தாம் அதிக உயரம் எழும்புபவை.

தீவுத்திடல் பொருட்காட்சியின் ராட்சத ராட்டினம் வேறு கதை. அங்கே சுழற்சியைவிட நிற்பதுதான் அதிகம். ஒவ்வொரு தொட்டியாக ஆள் ஏற்றும்போது எடை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடாமல் எதிரெதிர்த் தொட்டிகளில் ஆட்களை நிரப்புவார்கள். அதற்காக உங்களை எங்கே உட்காரச் சொன்னாலும் வாதிடாதீர்கள். எதிர் பெஞ்சில் தெரியாத தம்பதி, முழங்காலோடு முழங்கால், உச்சியில் போய் நின்றுவிட்டது. ஒரு பக்கம் துறைமுக விளக்குகள், இன்னொரு பக்கம் நேப்பியர் பாலம். அந்த உயரத்தில் பேசாமல் இருப்பதுதான் சங்கடம். நான் அப்படித்தான் ஒருமுறை ஒரு தண்டையார்பேட்டைப் பெரியவரிடம் மிளகாய் பஜ்ஜிக்கு எந்தக் கடை என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

நீர்ச்சறுக்கு ரைடுகளில் இந்த நிதானம் எனக்கு இல்லை. ஈர நைலான் உடை, வழுக்கும் மிதவை, ஒருவர் காலிடையே இன்னொருவர் உட்காரும் இருவர் டியூப் என்று எல்லாமே நெருக்கம். இருவர் டியூபில் தெரியாதவரோடு போக வேண்டாம் என்பதே என் பரிந்துரை. நால்வர், அறுவர் வட்ட மிதவை என்றால் பரவாயில்லை. ஆளுக்கொரு பிடி, ஆளுக்கொரு இடம். மிதவைக்கு எடை வரம்பு உண்டு என்பதால் யார் எங்கே என்பதைப் பணியாளரே முடிவு செய்வார்.

பகிர்வதில் மறைந்திருக்கும் செலவுகளும் உண்டு. பக்கத்தவர் வாந்தி எடுக்கலாம், உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு முருகா முருகா என்று அலறலாம். இறங்கும் இடத்தில் விற்கும் படத்தில் அவரும் இருப்பார். எங்கள் வீட்டு அலமாரியில் உள்ள படத்தில் எனக்கும் மைத்துனருக்கும் நடுவே பச்சைச் சட்டை போட்ட ஒருவர் வாயைப் பிளந்துகொண்டிருக்கிறார். வீட்டுக்கு வருகிற விருந்தாளிகள் முதலில் அவரைத்தான் விசாரிக்கிறார்கள்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. பக்கத்து ஆள் சரியில்லை என்று தோன்றினால் காரணம் விளக்கத் தேவையில்லை. கம்பி இறங்கும் முன் கையைத் தூக்கி "வேற சீட் வேணும்" என்றால் போதும். ஒரு பெண்ணின் பக்கத்தில் மாற்றித் தரக் கேளுங்கள். மாற்ற மறுத்தால் அந்தச் சுற்றை விட்டுவிடுங்கள். ஏறிய பின் யாராவது அத்துமீறினால் இறங்கியதும் அங்கேயே ஆபரேட்டரிடமும் காவலாளியிடமும் சொல்லி அந்த ஆளை நிறுத்தி வைக்கச் சொல்ல வேண்டும். வாசலைத் தாண்டிவிட்டால் கண்டுபிடிப்பது கடினம். பெண்கள் உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098.

## வழி 3: தனியாள் வரிசை

காலி இருக்கைகளை நிரப்புவதற்கென்றே தனியாக வருபவர்களை வேறு வரிசையில் நிற்க வைக்கும் முறை வெளிநாட்டுப் பெரிய பூங்காக்களில் இருக்கிறது. சென்னைக் குடும்பங்கள் அதிகம் போய்வரும் சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டுடியோஸில் டிரான்ஸ்ஃபார்மர்ஸ், மம்மி போன்ற ரைடுகளில் இது உண்டு. கூட்டம் மிகுந்த நாளில் பொது வரிசையைவிட வெகு சீக்கிரம் உள்ளே போய்விடலாம், கூடுதல் பணமும் இல்லை.

ஆனால் நான்கு பேர் அதில் நுழைந்தால் நான்கு வெவ்வேறு பெட்டிகளில், சில சமயம் நான்கு வெவ்வேறு சுற்றுகளில் போவீர்கள். "நாங்கள் ஒன்றாக வந்தோம்" என்ற வாதம் அங்கே எடுபடாது. துணையோடு மட்டும் ஏறக்கூடிய உயரத்தில் உள்ள பிள்ளைகளுக்கு அந்த வரிசை கிடையாது. அழகாக அமைத்த வரிசைக் கூடத்தையும் முன்கதையையும் பெரும்பாலும் பார்க்கவும் முடியாது. கல்லூரி மாணவர்களுக்கும், ஒரே ரைடில் மூன்றாம் முறை ஏற நினைப்பவர்களுக்கும் இது மிகவும் ஏற்றது.

சென்னைப் பூங்காக்களில் நான் பார்த்தவரை இப்படித் தனி வரிசை இல்லை. அதற்குப் பதில் ஏறும் மேடையில் நின்றுகொண்டு பணியாளர் "சிங்கிள் யாராவது இருக்கீங்களா?" என்று குரல் கொடுப்பார். தனியாக வந்தவர் அந்தக் குரல் எட்டும் தூரத்தில், காதில் ஹெட்ஃபோன் போடாமல் நின்றால் பத்துப் பதினைந்து பேரைத் தாண்டிப் போய்விடலாம்.

## வழி 4: விரைவு நுழைவுச் சீட்டு

இதைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. பணம் கூடுதலாகக் கொடுத்தால் வரிசை குறையும், குழு இரட்டைப்படையாகாது. மூன்று பேர் விரைவுச் சீட்டோடு போனாலும் மேடையில் மூன்று பேர்தான், இருக்கை இரண்டுதான். எல்லா ரைடுக்கும் அது செல்லுமா, ஒரு ரைடுக்கு எத்தனை முறை செல்லும் என்பதைச் சீட்டு வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். காத்திருக்கும் நேரம் குறைவதால் அடுத்த சுற்றுக்கு ஒதுங்கி நிற்பது அவ்வளவு உறுத்தாது என்ற மறைமுகப் பலன் மட்டும் உண்டு. முழங்கால் வலியுள்ள பெரியவரோடு ஞாயிற்றுக்கிழமை போயே தீர வேண்டும் என்றால் வாங்கலாம். மற்றபடி அந்தப் பணத்துக்குப் பள்ளி வேலைநாளில் ஒரு விடுப்பு எடுத்துக்கொள்வேன். ஆனால் ஆளே இல்லாத நாளில் குறைந்தபட்சம் இத்தனை பேர் சேராமல் சில ரைடுகளை ஓட்ட மாட்டார்கள் என்பதும் நினைவிருக்கட்டும். அப்போது தெரியாதவர் நான்கு பேர் வரமாட்டார்களா என்று நீங்களே வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள்.

## ஒரே பார்வையில்

| | காத்திருப்பது | பகிர்வது | தனியாள் வரிசை | விரைவுச் சீட்டு |
|---|---|---|---|---|
| பொதுக் கம்பி ரைடு | பிள்ளைகளோடு இதுவே | ஒத்த உடல்வாகு உள்ள பெரியவர்கள் மட்டும் | பெரியவர்கள் மட்டும் | இருக்கைச் சிக்கல் தீராது |
| தனி இருக்கை ரைடு | தேவையில்லை | மிக ஏற்றது | ஏற்றது | நேரம் மட்டும் மிச்சம் |
| இருவர் நீர் டியூப் | இதுவே | வேண்டாம் | பொருந்தாது | இருக்கைச் சிக்கல் தீராது |
| நேரம் | ஒன்றிரண்டு சுற்று இழப்பு | மிச்சம் | அதிக மிச்சம் | அதிக மிச்சம் |
| பணம் | இல்லை | இல்லை | இல்லை | ஆளுக்கு ஆள் கூடுதல் |
| மறைசெலவு | எல்லாருக்கும் வரிசை நீளும் | அசௌகரியம், படத்தில் அந்நியர் | குழு சிதறும் | எல்லா ரைடுக்கும் செல்லாமல் போகலாம் |

## வாசலில் சொல்ல வேண்டியது

எந்த வழியை எடுத்தாலும் அதைச் சொல்ல வேண்டிய நேரம், பணியாளர் உங்களை எண்ணத் தொடங்கும் நேரம்தான். "அண்ணா, மூணு பேர். பாப்பா என் பக்கத்துல. இவங்க யாரோட வேணும்னாலும் உட்காருவாங்க." இவ்வளவுதான். சேர்ந்து போகத்தான் காத்திருக்கிறீர்கள் என்றால் "நாங்க அடுத்த ரவுண்டு, அவங்கள விடுங்க" என்று பின்னால் நிற்பவருக்கு வழிவிட்டு, வரிசைக் கம்பியின் ஓரமாக ஒட்டி நில்லுங்கள். வழிவிட்டவரை யாரும் முறைப்பதில்லை.

பகிர்ந்துகொள்ளும் பக்கம் நீங்கள் என்றால், கம்பியை நீங்களாக இழுக்காமல் "இறக்கலாமா?" என்று பக்கத்தவரைக் கேளுங்கள். கைப்பையையும் கைப்பேசியையும் மேடையிலேயே கொடுத்துவிடுங்கள். உங்களுக்குத் தலைசுற்றல் உண்டு என்றால் அதையும் முன்னதாகவே சொல்லிவிடுங்கள், பக்கத்தவர் வேறு பெட்டி கேட்பதற்கு நேரம் இருக்கும்போதே.